ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிழங்குப் பாத்தி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி சொல்வாள், நான் படிப்பிக்கிற பாடசாலையின் அதிபர் சொல்வார், அட்டன் பஸ் நிலையத்தில் கடலை விற்கிறவர்கூடச் சொல்வார். சாவு வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவரைச் சிரிக்க வைக்காமல் திரும்ப மாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்த வாயால் ஒரு பெண்ணுடைய உருளைக்கிழங்குப் பாத்தி போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்கேயாவது நக்கல் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருந்த வேண்டும் என்று நினைப்பதோடு சரி.

நான் சித்திர ஆசிரியன். கொழும்பில் இருக்கிற ஒரு கலை அமைப்பு, தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்திரப் பட்டறை நடத்த ஆள் தேடியது. உணவு, பண்பாடு, விவசாயம் என்று மூன்று சொற்களைப் பெரிதாக அச்சடித்த பதாகை ஒன்று அவர்களிடம் இருந்தது. நடத்துகிறவர் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவராக இருக்க வேண்டும், சித்திரமும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். முதல் தகுதி எனக்குப் பிறப்போடு வந்தது. எட்டு வயது வரை லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில்தான் இருந்தேன். பிறகு அப்பாவுக்கு டவுனில் வேலை கிடைத்து அட்டனுக்கு வந்துவிட்டோம். இரண்டாவது தகுதியைப் பற்றி நான் பேசாமல் இருப்பது நல்லது. நோர்வூட் பக்கம் ஓர் அம்மன் கோயில் சுவரில் நான் வரைந்த சிங்க வாகனம் இன்னும் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு வழி கேட்டால், “நாய் படம் போட்ட கோயில்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த தோட்டம் அந்தக் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். பட்டறை நடந்தது புள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். அங்கே இருந்த நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். முதல் நாள் ஒன்றில் உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. வந்திருந்த பெண்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர். அதுவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார்கள். பட்டறை வெற்றி என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

நிறம் கடையில் வாங்கக்கூடாது, சாப்பிடுகிற பொருளிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது கொழும்பின் ஏற்பாடு. பீட்ரூட்டை அரைத்துச் சிவப்பு, மஞ்சள் தூளில் மஞ்சள், தேயிலைச் சாயத்தைக் காய்ச்சிக் காய்ச்சி மண் நிறம், அடுப்புக் கரியில் கறுப்பு. நான் பீட்ரூட்டைச் சீவத் தொடங்கியதும் ஒரு பெண் என் கையைப் பிடித்துவிட்டார்.

“சேர், இத வீணாக்கவா போறீங்க? கறி வச்சா ஒரு நேரத்துக்கு ஆகும்.”

“சாறு எனக்கு, சக்கை உங்களுக்கு” என்றேன்.

“எங்க தோட்டத்துல காலங்காலமா அப்புடித்தாங்க நடக்குது” என்றார். என்னைவிட வாய் நீளமான ஆளைப் பார்த்துவிட்டேன் என்று புரிந்தது. அந்த அம்மாவை இந்தக் கதையில் வாய்க்காரி என்றே சொல்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்டால் பெருமைப்படுவார்.

வாய்க்காரிக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர்தான் நான் சொல்ல வந்த அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. அதிகம் பேச மாட்டார். புருசன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய், மூன்று வருடமாக வீட்டில் இருந்தார். மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயிற்றுக்கும் அக்காவின் இரண்டு கைதான். மூன்றாம் ஞாயிறு அந்த அக்கா ஒரு சட்டி நிறைய அவித்த உருளைக்கிழங்கும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். சிவப்புத் தோல், உள்ளே மஞ்சள், வாயில் வைத்தால் மாவாகக் கரைந்தது. நான் எத்தனை சாப்பிட்டேன் என்பதை விட்டுவிடுகிறேன்.

“எந்தக் கடையில வாங்கினீங்கக்கா? நானும் வாங்கணும்.”

“டவுனுலதாங்க சேர்” என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

வாய்க்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஆத்தங்கரைக் கடைங்க சேர். ஆனா ஞாயித்துக்கெழம பூட்டு.”

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. தோட்டத்துக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் தேயிலை மலை. பல வருடங்களாகக் கைவிட்ட மலை. தேயிலைச் செடிகள் மரமாகி, மானாப்புல் மண்டிக் கிடந்த அந்த இடத்தில் ஒரு மூலையை அக்கா தனியாக வெட்டிச் சுத்தப்படுத்தியிருந்தார். பட்டிப்பொலவில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டுக்கு ரயிலில் போய், விதைக் கிழங்கை மடியில் வைத்துக்கொண்டே வந்து நட்டது. அந்தப் பாத்தி விளைந்தால் நாலு மாதத்துக்கு வீட்டில் கிழங்கு இருக்கும், கடைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மாவு விலை ஏறி எல்லாரும் ரொட்டியைப் பாதியாக்கிய காலத்தில், அந்த வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்தது அதனால்தான்.

அக்கா மட்டுமில்லை. லயத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு துண்டு எங்கேயாவது இருந்தது. நிலம் கம்பெனியுடையது. அதனால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. பாத்திக்குப் போகிறவர்கள் விறகுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை அந்த வழியாக வந்தால் எதிர்ச் சரிவில் எதையோ உற்றுப் பார்ப்பார். போஞ்சி காய்த்தால் ஒரு பிடி அவர் வீட்டு வாசலுக்குப் போகும், யார் வைத்தது என்று அங்கே கேட்க மாட்டார்கள். தப்பித்தவறி ஆபிசிலிருந்து யாராவது கேட்டால், “அதுங்களா? தானா மொளச்சதுங்க” என்பார்கள். நேர் வரிசையில், பாத்தி கட்டி, களை பிடுங்கித் தானாக முளைக்கிற போஞ்சி எங்கள் மலைநாட்டில் மட்டும்தான் உண்டு. எல்லாருக்கும் தெரியும், யாரும் பார்ப்பதில்லை. இதுதான் அங்கே நிலத்துக்கு உறுதிப் பத்திரம்.

எட்டு வயது வரை லயத்தில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். டவுனில் முப்பத்தைந்து வருடம் இருந்து, பெயர்ப்பலகையும் பதாகையும் எழுதிப் பழகியதில், எல்லாவற்றையும் எழுதி மாட்டினால்தான் அது இருக்கிறது என்று ஒரு புத்தி எனக்குள் ஏறிவிட்டது.

பட்டறையின் பெரிய வேலை ஒரு வரைபடம். புள்ளைக் காம்பராவின் தரை முழுக்க விரிகிற வெள்ளைத் துணியில், தோட்டத்தில் நாம் சாப்பிடுவது எங்கேயிருந்து வருகிறது என்று எல்லாருமாக வரைய வேண்டும். பெண்கள் நன்றாகத்தான் தொடங்கினார்கள். லயம், தண்ணீர்ப் பீலி, கோயில், கடை, தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா, ஆபிஸ், பாக்டரி. தேயிலையோ மைல் கணக்கில் வந்துவிட்டது. ஆற்றையும் வரைந்தார்கள். ஆற்றோடு கை நின்றுவிட்டது. அதற்கு அப்பால் துணி வெள்ளையாகவே இருந்தது.

“அந்தப் பக்கம் என்னாங்க? பனி பெஞ்சிருக்கா?” என்று கேட்டேன்.

“அங்க ஒண்ணுமில்லீங்க சேர். காடுதான்” என்றார் அக்கா.

“புலி இருக்குங்க சேர்” என்றார் வாய்க்காரி. “ஆனா நீங்க வரைஞ்சிராதீங்க. அப்பறம் அதையும் பாத்துப் பூனைன்னுருவாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேதான் வீம்பு பிடித்தது. உணவு என்று பெயர் வைத்த பட்டறையில், சோறு போடுகிற இடம் வெற்றுத் துணியா?

“அக்கா, நல்லா பாருங்க. துரை பங்களாவ வரைஞ்சாச்சு. பங்களா நாய்க்கு வீடு வரைஞ்சாச்சு. நாய்க்குக் கெடச்ச எடம்கூட உங்க கெழங்குக்கு இல்லியா? அது என்ன அவ்வளவு கேவலமா?”

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. சாயப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார். வாய்க்காரி என் பக்கத்தில் வந்து, “வேணாங்க சேர், விட்ருங்க” என்றார். அவர் நக்கலில்லாமல் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. அதையே நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்ததும் நேராகத் துணியில் ஏறி, ஆற்றைத் தாண்டி உட்கார்ந்து தூரிகையைக் கேட்டார்.

மற்றவர்கள் எல்லாம் மலையிலிருந்து கீழே பார்ப்பதுபோல வரைந்திருந்தார்கள். அக்கா வரைந்தது வேறு மாதிரி. மண்ணைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல, மேலே செடி, கீழே கிழங்கு. ஒவ்வொரு செடியின் அடியிலும் எத்தனை கிழங்கு, எது பெரியது, எது மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று எல்லாம். மண்ணுக்குத் தேயிலைச் சாயம். பூவுக்குப் பீட்ரூட் சாற்றைத் தண்ணீர் விட்டு வெளிறச் செய்து ஊதா கலந்த ஒரு நிறம். அந்தக் கலவை எனக்கே தெரியாது. மூன்று ஞாயிறு அந்த மூலையில் இருந்தார். ஒரு நாள் அவர் புருசனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவர் அந்தப் பாத்தியை நேரில் பார்த்ததே இல்லை. அது அவர் விழுந்த பிறகு வெட்டிய பாத்தி. துணி ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு தூரமா மண்ணு அணைச்சிருக்க? தனியாவா?” என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா வரைந்ததும் மற்றவர்களுக்கும் கை வந்துவிட்டது. போஞ்சிப் பந்தல், லீக்ஸ், முட்டைக்கோவா, பாக்டரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பூசணிக்கொடி, எல்லாம் துணிக்கு வந்தன. வாய்க்காரி மட்டும் கடைசிவரைக்கும் தன்னுடையதை வரையவில்லை. “எனக்குப் படம் வராதுங்க” என்றார்.

பட்டறை முடிவில் ஒரு கண்காட்சி வைத்தோம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் கொட்டகை போட்டுத் துணியை நிமிர்த்திக் கட்டினோம். கொழும்பிலிருந்து அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துத் துரை வந்தார். அவரோடு கம்பெனித் தலைமையிலிருந்து வேறு வேலையாக வந்திருந்த இரண்டு பேரையும் அழைத்து வந்தார். கையில் ஒலிவாங்கி, எதிரே கூட்டம். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? என் சிங்கத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன், நாற்காலியைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். பிறகு மேடையை விட்டு இறங்கிப்போய்த் துரையின் கையைப் பிடித்துத் துணிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“துரை, உங்க தோட்டத்துலயே நல்லா வெளையிற மலை எதுன்னு தெரியுமா? இந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம், ஏழாம் நம்பர். உரம் இல்ல, மருந்து இல்ல, கணக்கப்பிள்ளை இல்ல. அதனாலதான் இப்புடி வெளையுது!”

கொழும்புக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர் துரையிடம் சிங்களத்தில், “ஏழாம் நம்பரா? அது காடு என்றுதானே இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, நான் காட்டிய மூலையை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்தார். துரை துணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பெண்கள் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கி சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, நான் அதே நக்கலை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

கிளம்பும்போது அக்காவிடம், “எப்புடிக்கா?” என்றேன்.

“நல்லா பேசினீங்க சேர்” என்றார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பாடசாலை இடைவேளையில் வாய்க்காரியிடமிருந்து அழைப்பு.

“சேர், சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேங்க. என்னாங்க விசயம்?”

“ஒண்ணுமில்லீங்க. சாப்ட்டா சரி. இங்க அக்காவோட பாத்திய வெட்டுறாங்க. அதான் சொல்லலாம்னு.”

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆற்றைக் கடக்க வழி தெரியாமல் சுற்றி, செருப்பை ஆற்றோடு விட்டு, ஒரு வழியாக ஏறினேன். துணியில் அவ்வளவு தடவை பார்த்த இடத்துக்கு நேரில் நான் போனது அன்றுதான். சின்ன இடம். படத்தில் மூன்று முழத்துக்கு விரிந்த அது, ஒரு புள்ளைக் காம்பரா அளவுகூட வராது.

வெட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் அந்த லயத்து ஆட்களேதான். அதில் ஒருவர் அக்காவின் கொழுந்தன். அன்றைய வேலையாக அவர்களுக்கு இதைக் கொடுத்திருந்தார்கள். செய்யாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை. பாக்டரி விறகுக்கு மரக்கன்று வைக்க வேண்டுமாம். கன்றுகள் கறுப்புப் பைகளில் வரிசையாகக் காத்திருந்தன. ஆட்கள் மண்வெட்டியால் கொத்தாமல், கையால் செடியைப் பிடித்து இழுத்து, அடியில் இருந்ததைத் தட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பாதிதான் ஆகியிருந்தது. அதைவிட மெதுவாக யாராலும் வெட்ட முடியாது.

செடிகள் பூத்திருந்தன. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் போதும். சாக்கைத் திறந்து பார்த்தேன். கிழங்கெல்லாம் கோலிக்குண்டு அளவு.

வெட்டி முடித்த இடத்தில் அக்கா குனிந்து, தவறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா...”

“வாங்க சேர். பாத்து வாங்க, வழுக்கும்.”

“நான் துரைகிட்ட பேசுறேன்கா. இப்பவே போறேன்.”

அவர் நிமிரவில்லை. “வேணாங்க சேர். நீங்க பேசினது போதும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கையில் இருந்த மண்ணைத் தட்டுவதுபோலத்தான் சொன்னார். கொழுந்தன் என்னைப் பார்க்காமல் அடுத்த செடிக்குப் போனார்.

சொன்னதைக் கேட்கிற ஆளாக இருந்தால் நான் நானாக இருந்திருப்பேனா? செருப்பில்லாத காலோடு ஆபிசுக்குப் போனேன். துரை என்னை உட்காரச் சொல்லி, தேத்தண்ணி வரவழைத்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்து விட்டேன்.

“துரை, அந்தப் படம் முழுக்கக் கற்பனைங்க. சித்திரம்னா அப்புடித்தான். இல்லாதத வரையிறது. என் சிங்கத்த நீங்க பாத்திருப்பீங்க.”

“கற்பனையத்தான் காலையில இருந்து நாலு பேர் வெட்டுறாங்களா சேர்?”

நான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பாத்தி என் பங்களாவுல இருந்து தெரியும். காலையில தேத்தண்ணி குடிக்கிறப்போ நேரா தெரியும். பூக்கிறப்போ அழகா இருக்கும். நான் பாக்கல. எனக்கு முன்னுக்கு இருந்த துரையும் வேற துண்டுகள பாக்கல. நீங்க என் கையப் புடிச்சு, கம்பெனி ஆளுகளுக்கு முன்னால, மைக்குல காட்டினீங்க. காட்டினதுக்கப்புறம் நான் எப்புடிப் பாக்காம இருக்கிறது?”

தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்தேன். கதவு வரை வந்தவர், வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டார்: “அந்தத் துணி கொழும்புக்குப் போகுதாம்ல? மண்டபத்துல மாட்டுவாங்களாம். எங்க ஹெட் ஆபிசுக்கும் அழைப்பு வந்திருக்கு. அதுல இன்னும் எத்தன எடம் இருக்குன்னு நான் எண்ணல, சேர். அங்க எண்ணிப் பாக்குறதுக்கு ஆள் இருக்கு.”

மலை இறங்கும்போதுதான் எனக்கு விசயம் உறைத்தது. அக்காவின் பாத்தி போய்விட்டது. துணியில் இன்னும் பத்துப் பாத்திகள் இருந்தன. எல்லாம் இடம் பிசகாமல், எந்த மலை, எந்தப் பாதை, பக்கத்தில் எந்த மரம் என்று. அவ்வளவு கவனமாக வரையச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை துணியைப் புள்ளைக் காம்பராவில் மறுபடி விரித்தோம். பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. துணியை எடுத்துப்போக வந்திருந்த கொழும்பு அமைப்பில் வேலை செய்கிற பெண்பிள்ளையிடம் விசயத்தைச் சொன்னேன். பாத்தி இருக்கிற இடமெல்லாம் தேயிலை வரைந்து மூட வேண்டும் என்றேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

“சேர், இதுதான் இந்தப் படத்தோட உயிரே. இது இவங்களோட கதை. இத அழிச்சிட்டு எத கொண்டுபோய் மாட்டுறது?”

வாய்க்காரி முந்திக்கொண்டார். “கதைய நாங்க வச்சுக்கிறோம் தங்கச்சி. நீங்க துணிய எடுத்துட்டுப் போங்க.”

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றது. பிறகு தானே நோர்வூட்டுக்கு ஆட்டோ பிடித்துப்போய்க் கடையில் பச்சைச் சாயம் வாங்கி வந்தது. பீட்ரூட்டும் மஞ்சளும் இதற்கு ஆகாது.

மூடத் தொடங்கினோம். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு கோவாப் பாத்தியின் மேல் தேயிலை போட்டேன். வாய்க்காரி வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“சேர், இது என்னாங்க?”

“தேயிலைதான்.”

“உருண்டையா இருக்கு. கோவாவுக்கு மேல கோவாவத்தான் போட்டிருக்கீங்க. கொழும்புக்காரன் பாத்தா இதையும் வெட்டச் சொல்லுவான்.”

ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒரு பெண் தன் போஞ்சிப் பந்தலை மூடினார். மூடியபின் தூரிகையை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்த தூரிகையை வாங்கிவிட்டு, பச்சை கலக்குகிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். அதற்குத்தான் நான் லாயக்கு.

அக்கா கடைசியில் ஏறினார். அவருடைய பாத்தியை மூட வேண்டிய அவசியமே இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்த இடம், போன இடம். நான் அதைச் சொன்னேன்.

“கெடக்கட்டும் சேர். அதுமட்டும் தனியாத் தெரிஞ்சா, மத்தத மூடினது தெரிஞ்சிரும்” என்றார்.

அதைக்கூட யோசித்திருந்தார். செடிகளின் மேல் ஒன்றொன்றாகத் தேயிலை போட்டார். ஒரு கிழங்குச் செடிக்கு ஒரு தேயிலை, அதே இடைவெளி. பூவெல்லாம் போயிற்று. மண்ணுக்குக் கீழே வரைந்த கிழங்குகள்தான் மிச்சம். தேயிலைக்குக் கீழே கிழங்கு இருந்தால் யாரும் சிரிப்பார்கள். பச்சையைப் பூசினால் மண் பச்சையாகிவிடும். அக்கா பச்சைக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு மெல்லிய தூரிகையில் தேயிலைச் சாயத்தைத் தோய்த்து, ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்குக் கோடு இழுத்தார். இழுத்து இழுத்து எல்லாவற்றையும் வேராக்கிவிட்டார். முடித்தபோது அது நல்ல கிழட்டுத் தேயிலை, வேர் பருத்த தேயிலை. நான் இத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன், அப்படி ஒரு கை என் வகுப்பில் வந்ததில்லை.

துணியைச் சுருட்டி வாகனத்தில் ஏற்றினார்கள். பெண்கள் பீலியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். எனக்கு அது வராது, வேடிக்கைதான் வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. அதனால் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அந்தச் சாக்குல விதைக்கு ஆகுற மாதிரி ஏதாவது தேறிச்சா? மறுபடி எங்கயாவது போடுவீங்களா?”

அக்கா கையை உதறினார். வாய்க்காரி பேச்சை நிறுத்தினார்.

“எதங்க சேர்?” என்றார் அக்கா.

“கெழங்கு...”

“கெழங்கா? அதெல்லாம் நமக்கு எங்கங்க சேர். கடையிலதான் வாங்குறது.”

மரியாதையாகத்தான் சொன்னார். ஆபிசிலிருந்து வருகிறவர்களிடம் பேசுகிற மரியாதை. வாய்க்காரி வானத்தைப் பார்த்து, மழை வரும் போல இருக்கு, சேர் இப்ப கெளம்பினா ஆறு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம் என்றார். நான் கிளம்பினேன். இறக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அக்கா லயத்துப் பக்கம் போகவில்லை, விறகுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார். எங்கே போகிறார் என்று பார்க்க நின்றிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.